உங்களுக்குத் தெரியுமா? இந்த முடக்கில் செய்த பிழை அடுத்த முடக்கில் தெரியும்!

நானுஓயாவில் இருந்து ரதெல்ல குறுக்கு வீதியில் இறங்கியவர்களுக்கு முடக்கு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த இறக்கத்தைப் பனிக்கட்டியால் மூடி, வண்டியின் பிரேக்கையும் கழற்றிவிட்டால் அதுதான் லூஜ் எனும் பனிச்சறுக்குப் பந்தயம்!

● லூஜ் சறுக்குவண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. வீரர் மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே நீண்டிருக்க, மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்குவார். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? வலது கெண்டைக்காலால் சறுக்குச் சட்டத்தின் முன்வளைவை உள்ளே அழுத்த வேண்டும். தோளையும் சற்றே சாய்க்க வேண்டும். அவ்வளவுதான்.

● திருப்பினாலே நட்டம்! அழுத்தும்போதெல்லாம் எஃகு விளிம்பு பனியைக் கீறும்; உராய்வு கூடும்; வேகம் குறையும். எங்கே திரும்புகிறோம் என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் காற்றும் தடுக்கும். நேரத்தை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அதனால், குறைவாகத் திருப்புகிறவரே கெட்டிக்காரர்.

● 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் மூன்று சுற்றுகள் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவர் ஜெர்மனியின் பெலிக்ஸ் லோக். கடைசிச் சுற்றில், 9ஆம் வளைவில் ஒரே ஒரு சறுக்கல். தங்கம் ஆஸ்திரியாவின் டேவிட் கிளைர்ஷருக்குப் போனது. லோக்குக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்.

● 2010 வான்கூவர் ஒலிம்பிக் தொடங்கவிருந்த நாளில், பயிற்சியின்போது ஜோர்ஜிய வீரர் நோடார் குமரிதாஷ்விலி உயிரிழந்தார். 15ஆம் வளைவில் இருந்து தாமதமாக வெளிவந்தார். அதனால் 16ஆம் வளைவிலும் தாமதமாகவே நுழைந்தார். கட்டுப்பாடு போய்த் தூக்கி எறியப்பட்டு, ஓடுபாதைக்கு வெளியே நின்ற இரும்புத் தூணில் மோதினார். பிறகு சுவரை உயர்த்தி, போட்டி தொடங்கும் இடத்தையும் கீழே இறக்கினார்கள்.

● இந்தியாவின் சிவ கேசவன் 1998 நகானோவில் தொடங்கி ஆறு குளிர்கால ஒலிம்பிக் கண்டவர். ஊரில் பனி ஓடுபாதை இல்லை. சறுக்குவண்டிக்குச் சில்லுப் பூட்டி, லொறிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் நடுவே இமயமலை வீதிகளில் பழகினார்! 2014 சோச்சியில் பயிற்சியின்போது வண்டியில் இருந்து விழுந்தவர், ஓடும் வண்டியிலேயே மறுபடி ஏறிக்கொண்டார்.

● நம் நுவரெலியாவில் இதற்கு நேரெதிரான பந்தயம் உண்டு. மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்து வீதிதான் களம். ஏப்ரல் சீசனில் கூட்டம் அள்ளும். இங்கே முடக்கை அகலமாக எடுத்து வேகத்தை விட்டால், ஏற்றத்தில் அதை மீட்க முடியாது. நேரம் போய்விடும்.

● இறக்கத்தில் கதையே வேறு. அங்கே வேகத்தைக் கூட்டுவது எளிது, குறைப்பதுதான் கடினம். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். விடாமல் மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். 2023 ஜனவரி 20இல் ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி 7 பேர் இறந்ததை மலையகம் மறக்காது.

● ஏற எந்தக் கியர் தேவையோ, இறங்கவும் அதே கியர்தான். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். முடக்குக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள். முடக்குக்குள் போனபின் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். லூஜ் வீரருக்கு இல்லாத பிரேக் உங்களுக்கு இருக்கிறது, நேரத்தோடு மிதியுங்கள்!