முற்பகல் விருந்தும் வரவுசெலவுக் கணக்கும்

காலைப் பலகாரத்தையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, முற்பகல் பத்து மணியளவில் ஆறுதலாக உண்ணும் விருந்தை ஆங்கிலேயர் ‘பிறன்ச்’ என்பர். 1895ஆம் ஆண்டில் கை பெரிஞ்சர் என்னும் எழுத்தாளர் இங்கிலாந்தின் இதழொன்றில் இவ்விருந்துக்காக வாதாடிக் கட்டுரை வரைந்தார். சனிக்கிழமை இரவு நெடுநேரம் விழித்திருந்தவன் ஞாயிறு காலையில் அவசரப்பட்டு எழவேண்டியதில்லை என்பது அவர் கூறிய அனுகூலங்களுள் ஒன்று. பெயர் அவர்களுடையதாயிருக்கலாம், வழக்கம் நமக்குப் புதிதன்று. இரவுக் கடலுக்குப் போன மீனவர் விடியலிற் கரைசேர்ந்து, மீனை விற்று, வலையை ஒதுக்கிவிட்டு உண்ணும் உணவு வேறென்ன? ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் முழுக்குக்குப் பின் வீட்டார் கூடியிருந்து குடிக்கும் கூழும் அந்த நேரத்ததே.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இவ்விருந்தை ஒரு தொழிலாக நடத்தலாமா என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். நடத்தலாம். அதற்கு இவ்வூரின் நேர ஒழுங்கே துணைநிற்கிறது. திமிங்கிலம் பார்க்கவென்று விடியற்காலையில் வள்ளமேறுவோர் முற்பகலிற் பசியோடு கரைக்குத் திரும்புகின்றனர். நிலாவெளியிலிருந்து புறாமலைக்குச் செல்வோர் நிலையும் அதுவே. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை முடித்து வருவோர் உளர். கோணேசர் கோயிலுக்குத் தூர இடங்களிலிருந்து வரும் அடியார்கள் காலைப் பூசை கண்டபின்னரே உணவைத் தேடுகின்றனர். இத்தனை பேருக்கும் எட்டு மணிக்கு ஆறிப்போன பலகாரமும் பன்னிரண்டரை மணிக்குச் சோறுமே பெரும்பாலும் கிடைக்கின்றன. இடைப்பட்ட நேரம் வெறுமையாய்க் கிடக்கிறது.

ஆயினும் ஒரேயொரு வகை வாடிக்கையாளரை நம்பித் தொழில் தொடங்குதல் ஆபத்து. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை ஒப்படைத்துப் புறப்பட்டபோது, அதனையே நம்பியிருந்த பிழைப்புகள் தளர்ந்தன. உல்லாசப் பயணிகளும் அத்தகையோரே. வைகாசி முதல் புரட்டாசி வரை வருவர். வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்ததும் மறைந்துவிடுவர். 2019ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புகளும் அடுத்த ஆண்டின் கொள்ளைநோயும் அந்த வருகையை ஒரேயடியாக நிறுத்தியதைக் கண்டோம். ஆகையால், உள்ளூர்க் குடும்பங்களும் அலுவலகங்களும் தரும் ஓடர்களே இத்தொழிலின் அத்திவாரமாக வேண்டும். பயணிகள் தருவதை மேலதிக வரவாகக் கொள்ளலாம்.

வடமாகாணத்தில் ‘அம்மாச்சி’ என்ற பெயரில் இயங்கும் பாரம்பரிய உணவகங்கள் நாம் நோக்கத்தக்க முன்மாதிரி. தெற்கில் ‘ஹெல பொஜுன்’ என வழங்குவதும் இவ்வினத்ததே. விவசாயத் திணைக்களம் கூடத்தை அமைத்துக் கொடுக்கிறது. பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் அடுப்பிற் தத்தம் பண்டத்தை வாடிக்கையாளர் கண்முன்னே ஆக்கி விற்கின்றனர். ஒருவர் தோசை சுட்டால் இன்னொருவர் இலைக்கஞ்சி காய்ச்சுவார். இதில் மூன்று நன்மைகள் அடங்கியுள்ளன: ஒருவரே பத்துப் பண்டம் செய்து களைப்பதில்லை, கேட்ட பின்னரே ஆக்குவதால் மிச்சம் குறைவு, எவருக்கும் பெரிய முதல் தேவைப்படுவதில்லை. ஒரே ஒழுங்கையில் வசிக்கும் நான்கு குடும்பத்துப் பெண்கள் சேர்ந்து, இடியப்பம் ஒருவர், கறியும் சொதியும் ஒருவர், வடையும் சம்பலும் ஒருவர், பரிமாறலும் கணக்கும் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால் இதே முறையை ஒரு விருந்துக்கும் பொருத்தலாம்.

இனிக் கணக்கு. வணிகக்கல்வி பயிலும் மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்வார்களாக. விலைவாசி மாதந்தோறும் மாறுவதால், கணக்கின் வசதிக்காகவே இத்தொகைகளைக் கற்பனை செய்கிறேன். ஐம்பது பேருக்கு விருந்து. ஆளுக்கு 1,000 ரூபா. மொத்த வரவு 50,000. அரிசிமா, தேங்காய், மீன், மரக்கறி முதலியவற்றுக்கு 20,000, உதவியாளர் கூலி 9,000, எரிவாயுவும் விறகும் 3,000, வாகனம் 4,000, இலை, கடதாசி முதலியன 2,000, பாத்திரத் தேய்மானம் 2,000. ஆகச் செலவு 40,000. எஞ்சுவது 10,000. அதனை இலாபம் என்று எண்ணி மகிழ்வதே வழக்கம்.

ஆனால், விருந்தை நடத்திய அம்மாவின் உழைப்பு எங்கே போயிற்று? முதல்நாட் சந்தைக்கு நடந்ததும், நள்ளிரவில் எழுந்து தேங்காய் துருவியதும், மறுநாட் கிடாரம் கழுவியதும் எந்த நிரலிலும் எழுதப்படவில்லையே! தம் உழைப்புக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாவாக இரண்டு நாட் கூலியை அவர் எழுதிக்கொண்டால், உண்மை இலாபம் 4,000 மட்டுமே. இப்பொழுது விருந்து கேட்டவர், “தெரிந்தவர்கள்தானே, ஆளுக்கு நூறு ரூபா குறையுங்கள்” என்கிறார். பத்தில் ஒரு பங்குதானே என்று அவர் தலையசைத்தால் ஐயாயிரம் போயிற்று. நாலாயிரம் இலாபம் ஆயிரம் நட்டமாக மாறிவிட்டது. வீட்டுப் பெண்களின் உணவுத் தொழில்கள் பல ஓயாத வேலைக்கிடையிலும் நலிந்துபோவதற்கு இதுவே பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம். கைப்பக்குவத்திற் குறையில்லை, தம் கூலியைக் கணக்கில் எழுதக் கூச்சப்படுகிறார்கள். விலை குறைக்கத்தான் வேண்டுமென்றால், ஒரு பண்டத்தையும் சேர்த்துக் குறைப்பதே முறை.

வருவோர் தொகையும் அவ்வாறே. ஐம்பதென்று சொல்லி நாற்பத்தைந்து பேர் வந்தால், ஐந்து பேருக்குரிய மாவும் மீனும் முன்னரே வெந்துவிட்டன. ஆதலால் மூன்று நாட்களுக்கு முன் தொகையை உறுதிசெய்து, பாதிப் பணத்தை முற்பணமாகப் பெறவேண்டும். உறவினரிடத்திற் கேட்பது சங்கடமே; கேளாதிருந்தால் சங்கடம் பின்னர் வரும்.

பண்டவகையிற் பேராசை கூடாது. இடியப்பம், சொதி, மீன்குழம்பு, கட்டைச் சம்பல், உழுந்துவடை, ஈற்றில் எருமைத் தயிரும் பாணியும் போதும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிரை மண்சட்டியோடு வைத்தாலே பந்தி நிறைந்துவிடும். கோதுமைமா விலையேறிய காலத்தில் அரிசிமாவும் குரக்கனும் கைகொடுத்ததை 2022ஆம் ஆண்டு யாவருக்கும் கற்பித்தது. எரிவாயு கிடையாத அந்நாட்களில் விறகடுப்பு வைத்திருந்தவரே சமைக்க முடிந்தது. இன்றும் கொல்லையில் ஓர் அடுப்பு இருப்பது நன்று. பத்தரை மணிப் பந்திக்குப் பிட்டு ஏற்றதன்று, ஆறினால் உதிர்ந்து வரண்டுவிடும். சொதியைக் கடைசியிலேயே காய்ச்சவேண்டும். பால் விட்டபின் கொதிக்கவிட்டால் திரைந்துபோகும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் மாவட்டம் இது. ஒரே அலுவலகப் பந்தியில் மரக்கறி மாத்திரம் உண்போரும் ஹலால் உணவே உண்போரும் அருகருகே அமர்வர். மரக்கறிக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை, தனிக் கத்தி வைத்தல் தொழிலின் மானம். போயா தினங்களில் இறைச்சிக்கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நாட்காட்டியிற் குறித்துக்கொள்க.

எல்லாவற்றிலும் அஞ்சவேண்டியது உணவு நஞ்சாதல். துறைமுகத்து ஊரில் மீன் புதியது என்ற எண்ணமே சில வேளை ஏமாற்றிவிடும். சூரை முதலிய மீன்கள் பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்தால் அவற்றில் ‘ஹிஸ்ரமின்’ என்னும் பொருள் பெருகும். அது எவ்வளவு கொதித்தாலும் அழியாது. உண்டவருக்குச் சிறிது நேரத்திலேயே முகஞ்சிவந்து, உடல் அரித்து, தலையிடி உண்டாகும். ஆகவே வாங்கும் இடத்துக்கே பெட்டியைக் கொண்டுசென்று, மீனின் எடைக்கு எடை பனிக்கட்டி இடவேண்டும். சோறும் அத்தகையதே. அரிசியிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. வெந்த சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும், அதனை மீளச் சுடவைத்தும் போக்க இயலாது. சூடான உணவை 60 பாகைக்கு மேலும் குளிர்ந்ததை 5 பாகைக்குக் கீழும் வைத்தல் விதி. வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்ததை, மனம் வருந்தினாலும், பந்திக்கு எடுக்கலாகாது.

வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை முதலிலேயே முடித்துவிடுக. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பகையாளியாகக் கருதாமல் அடுக்களையைக் காட்டி ஆலோசனை கேட்பது புத்தி. பொலித்தீன் உணவுத்தாளும் றெஜிபோம் பெட்டியும் 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டன. வாழையிலை இருக்க அவை எதற்கு?

முதலுக்குக் கடன் வாங்குவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். நுண்கடன் வாரந்தோறும் தவணை கேட்கும்; விருந்து வாரந்தோறும் வராது. 2018ஆம் ஆண்டில் வறட்சி கண்ட மாவட்டங்களிற் பெண்களின் நுண்கடனை அரசே இரத்துச் செய்ய வேண்டிய அளவுக்கு அச்சுமை ஏறியிருந்தது. பம்பாயில் 1959ஆம் ஆண்டு ஏழு பெண்கள் எண்பது ரூபாக் கடனோடு ஒரு மாடியில் அப்பளம் இடத் தொடங்கியதே பின்னர் லிஜ்ஜத் என்னும் பெருநிறுவனமாயிற்று. அவர்கள் முதலிற் கட்டடம் எழுப்பவில்லை. நாமும் கிடாரத்தையும் கதிரையையும் வாடகைக்கு எடுத்து, பத்து விருந்துகளின் வரவுசெலவைக் கொப்பியில் எழுதிப் பார்த்த பின்னரே சொந்தமாக வாங்கலாம். மழைமாதங்களில் வெளியூரார் வராவிடினும் குடிபுகுதல், பிறந்தநாள், அந்தியேட்டி என வீட்டு நிகழ்வுகள் நில்லா. தை பிறந்ததும் பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிடும். அவ்வோடர்களுக்கு மார்கழியிலேயே போய்ச் சொல்லிவைக்கவேண்டும்.