நாட்டாரிசையின் தூய்மையும் ஓர் இசைத்தட்டின் விசித்திரமும்

ஒரு கலைப்படைப்பு எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை ஆராயுமிடத்து, அப்படைப்பைப் பற்றி மட்டுமன்றி, அதனை ஏற்றோரும் மறுத்தோரும் கைக்கொண்ட அளவுகோல்களைப் பற்றியும் நாம் அறிந்துகொள்கிறோம். இந்நோக்கிற் கவனத்துக்குரியது, எடின்பரோ நகரில் தோன்றிய 'இன்கிறெடிபிள் ஸ்ரிங் பாண்ட்' என்னும் குழுவினர் 1968 மார்ச்சில் வெளியிட்ட இசைத்தட்டாகும். 'தூக்கிலிடுவோனின் அழகிய மகள்' என்பது அதன் பெயரின் பொருள். ஜோ பொயிட் தயாரித்த இத்தட்டினை எலெக்ட்றா நிறுவனம் வெளியிட்டது.

குழுவின் முதன்மைக் கலைஞர்களான றொபின் வில்லியம்சனும் மைக் ஹெறனும் நாட்டாரிசையைத் தளமாகக் கொண்டவர்கள். ஆயினும் இத்தட்டிலே கிற்றாருடன் சித்தாரும் மொறொக்கோ நாட்டுக் கிம்பிறியும் ஒலிக்கின்றன. நமது நாதஸ்வரத்துக்கு உறவான செனாயும் ஒலிக்கின்றது. ஒரு பாடல், கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை அரக்கனை நகைச்சுவை மேடைப்பாட்டின் நடையிற் பாடவைக்கிறது. மற்றொன்று ஏறத்தாழ 13 நிமிடம் நீண்டு, வழமையான பாடல் ஒழுங்கைக் கைவிட்டு, தம்முள் தொடர்பற்றனபோலத் தோன்றும் பகுதிகளை அடுக்கிச் செல்கிறது. அதில் அமீபாவுக்கும் இடமுண்டு.

இத்தகைய படைப்பு ஒரு சிறு வட்டத்துக்கு அப்பாற் செல்லாது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தை எட்டியது. ஐக்கிய அமெரிக்காவின் கிறாமி விருதுக்கு நாட்டாரிசைப் பிரிவிற் பரிந்துரைக்கவும் பட்டது. பொதுமக்கள் எளிமையை மட்டுமே விரும்புவர் என்னும் கூற்று இங்கு பொருந்தவில்லை.

மறுபுறத்தில், அக்காலப் பிரித்தானிய நாட்டாரிசை இயக்கத்தில் வேறொரு நோக்கு வலுவுடன் விளங்கியது. இடதுசாரிக் கலைஞரான யூவன் மக்கோல் முதலியோர் நடத்திய இலண்டன் மன்றத்திலே, பாடகர் தத்தம் மரபுக்குரிய பாடல்களையே பாடவேண்டும் என்பது விதி. வணிக இசையின் பெருக்கிலிருந்து உழைக்கும் மக்களின் பாடலைக் காக்கும் அக்கறையே அவ்விதிக்கு அடிப்படை. அந்நோக்கின்படி இத்தட்டு பல நாட்டுப் பொருள்களைக் கலந்து விற்கும் கடையாகத் தோன்றுதல் இயல்பே.

இக்குற்றச்சாட்டை ஓர் எடுத்துக்காட்டினாற் சோதிக்கலாம். மேற்கூறிய நீண்ட பாடலில், பகாமாஸ் தீவுகளிலே பாடப்பட்ட ஓர் இரவு விடைபெறு பாடல் எடுத்தாளப்படுகிறது. அதன் மூலத்தைத் தேடின், 1871இல் ஆங்கிலப் பெண் கவிஞர் சாரா டௌட்னி இயற்றிய கிறித்தவப் பாடலொன்றை அடைகிறோம். அமெரிக்கரான ஐரா சாங்கி 1884இல் அதற்கு இசையமைத்தார். பின்னர் பகாமாஸ் மக்கள் அதனைத் தமதாக்கி, முற்றிலும் புதியதோர் உருவில் வழங்கினர். ஆக, 'அந்நிய' இசையெனத் தோன்றியது, கடல்கடந்து மாற்றமுற்று மீண்டுவந்த ஆங்கிலப் பாடலே. தூய்மை என்னும் அளவுகோல் இங்கு பயனற்றுப் போகிறது.

எனினும் இதனால் வினா முடிந்துவிடவில்லை. பகாமாஸ் பாடகரின் ஒலிப்பதிவை 1960களில் வெளியிட்ட நன்சச் நிறுவனம், எலெக்ட்றாவின் உரிமையாளரே தொடங்கியது. தீவுவாசிகளின் பாடலும் அதனை எடுத்தாண்ட தட்டும் ஒரே வணிகக் குடும்பத்தின் சரக்குகளாயின. ஆகவே, 'இது யாருடைய மரபு?' என்று கேட்பதிலும், 'யார் பாடினர், யார் பயன்பெற்றனர்?' என்று கேட்பதே பொருத்தமானது. மக்கோலின் அக்கறை நியாயமானது; அவர் வகுத்த விதியே அதற்குப் போதாதது.

கேட்போரும் என்றும் ஒருதன்மையர் அல்லர். 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவிலே, மழை காரணமாக இக்குழு வெள்ளிக்கிழமை பாட மறுத்தது. மறுநாள் பேரொலி எழுப்பும் றொக் குழுக்களினிடையே மேடையேறியபோது கூட்டம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1974இற் குழு கலைந்தது. பங்க் இசை மேலோங்கிய ஆண்டுகளில் அதன் பாடல்கள் பழங்கனவாக ஒதுக்கப்பட்டன. ஆனால் 2003இல் அக்குழுவைப் பற்றி வெளிவந்த நூலொன்றுக்கு, அப்போதைய கன்ரபரிப் பேராயர் றொவன் வில்லியம்ஸ் முன்னுரை வழங்கினார்.

தட்டு மாறவில்லை, கேட்ட சூழலே மாறியது. நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்து, 'தூயது' என்றும் 'கலப்பு' என்றும் வகைப்படுத்த முற்படும் நாமும் இதனை மனங்கொள்ளுதல் தகும். மக்கள் பாடல் மக்களோடு பயணம் செய்வது. அதன் பாதையை மறைப்பதே தவறு, பயணம் அன்று.