சீலின் புள்ளிகளும் ஒளியின் தூறலும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் காஸ்கோ விரிகுடாவில், கடல் வற்றும் வேளையில் தலைகாட்டும் பாறைகளின் மேல் ஏறிப் படுக்கும் கரையோரச் சீல்களை, அவற்றின் முகப் படங்களைக் கொண்டே இனங்காணும் ‘சீல்நெட்’ என்னும் மென்பொருளைக் கோல்கேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டபோது, சீல்களுக்கும் முக அடையாளத் தொழில்நுட்பம் வந்துவிட்டது என்று செய்திகள் கொண்டாடின. 408 சீல்களின் 1,752 படங்களால் பயிற்சி பெற்ற அந்த மென்பொருள் 88 விழுக்காடு தேர்வுகளில் முதல் விடையாகவே சரியான விலங்கைக் காட்டியது மெச்சத்தக்கதே. ஆனால் தேடப்படும் சீல் ஏற்கெனவே தொகுப்பில் இருக்கிறது என்ற நிபந்தனையின் கீழ்க் கிடைத்த எண் அது என்பதும், மென்பொருளின் கைக்கு வருவதற்கு முன்பே படத்தின் தகுதி கடற்கரையில் தீர்மானமாகிவிடுகிறது என்பதும் அந்தக் கொண்டாட்டத்தில் பேசப்படவில்லை.

பாறையில் கிடக்கும் சீலை நெருங்க முடியாது, நெருங்கவும் கூடாது. மனிதரைக் கண்டு மிரளும் கூட்டம் ஒரே பாய்ச்சலில் நீருக்குள் இறங்கும்போது குட்டி தாயைப் பிரிய நேரலாம் என்பதால், அமெரிக்கக் கடல்வள அதிகாரிகள் குறைந்தது 150 அடி, அதாவது ஏறத்தாழ 45 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறார்கள். 60 மீட்டர் தொலைவிலிருந்து 600 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்தால், 20 சென்டிமீட்டர் அகல முகம் கேமராவின் உணரியில் 2 மில்லிமீட்டர் பிம்பமாக விழுகிறது. ஒரு பிக்சலின் அகலம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 4 பங்கு என்றால் முகத்துக்கு 500 பிக்சல்கள் கிடைக்கின்றன. தொலைவு 200 மீட்டரானால் அது 150 பிக்சலாகச் சுருங்க, ஒரு சீலை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் அரை சென்டிமீட்டர்ப் புள்ளிக்கு நான்கு பிக்சல்கூடத் தேறாது.

இந்தச் சில பிக்சல்களுக்குள் ஒளி எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. ஒளி என்பது தனித்தனித் துகள்களாக, ஃபோட்டான்களாக, ஒன்றையொன்று எதிர்பாராமல் வந்து விழுவது. முற்றத்தில் ஒரே அளவுப் பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டுத் தூறலுக்குக் காத்திருந்தால், எல்லாவற்றின் மேலும் ஒரே மேகம் ஒரே மாதிரிப் பொழிந்தாலும், ஒன்றில் 9 துளியும் அடுத்ததில் 14 துளியும் விழுந்திருக்கும். இந்த வேறுபாடு பாத்திரத்தின் குறையன்று, தூறலின் இயல்பு. சராசரி 100 துளியானால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10, அதாவது பத்து விழுக்காடு. 10,000 துளியானால் 100, அதாவது ஒரு விழுக்காடு மட்டுமே. பெரிய உணரி என்பது வாய் அகன்ற பாத்திரம், நீண்ட ஒளிபடும் நேரம் என்பது பாத்திரத்தை நெடுநேரம் வெளியில் விட்டுவைப்பது. ஈர ரோமத்தின் பளபளப்பு படத்தில் வெறும் வெள்ளையாகிப் போவது, நிரம்பிய பாத்திரம் வழிந்தோடுவது. உணரியின் மின்சுற்று தானாகச் சேர்க்கும் பிழையோ, மழைக்கு முன்பே பாத்திரத்தில் ஒட்டியிருந்த ஈரம். நிறத்தை அறிவதற்காக ஒவ்வொரு பாத்திரத்தின் வாயிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிறத் துளியை மட்டும் விடும் துணி கட்டப்பட்டிருக்கிறது; மற்ற இரு நிறங்களின் கணக்கு அண்டைப் பாத்திரங்களைப் பார்த்தே எழுதப்படுகிறது. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதால் ஒரு துளியும் அதிகம் விழுவதில்லை. கணக்கேட்டில் எழுதும் எண்தான் பெருக்கப்படுகிறது, அதனோடு ஏற்ற இறக்கமும் பெருகுகிறது.

இதைச் சீலுக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். ஐஎஸ்ஓ 100-இல் 40,000 துகள்வரை பதியும் ஒரு பிக்சல், விடிகாலை மங்கலில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுக்கும்போது, படத்தின் மிகப் பிரகாசமான இடத்திலேயே 600 அளவில்தான் பெறுகிறது. அதில் ஐம்பதில் ஒரு பங்கு ஒளியே தரும் நனைந்த கரிய ரோமத்துக்குக் கிடைப்பது 12 துகள், ஏற்ற இறக்கம் 3 அல்லது 4. படத்தில் இரைச்சல் என்று சொல்லப்படும் பொடிப்பொடியான புள்ளிகள் இந்த ஏற்ற இறக்கத்தால் வருபவைதாம். சீலின் மெய்யான புள்ளியும் இந்தப் பொய்ப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிடும் இடம் இது.

தூறலைப் போல ஒன்றையொன்று எதிர்பாராமல் நேரும் நிகழ்வுகளின் கணக்கைப் பிரான்சின் புவாசோன் 1837-இல் வகுத்தார். மின்னோட்டத்திலும் இதே இரைச்சல் இருப்பதை ஜெர்மனியின் வால்டர் ஷாட்கி 1918-இல் விளக்கினார். வரலாற்றுக்கு இவ்வளவு போதும்.

செயற்கை நுண்ணறிவால் இரைச்சலைத் துடைப்பதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்கள், இரைச்சலுள்ள படங்களையும் அவற்றின் தெளிவான இணைகளையும் எண்ணற்ற அளவில் பார்த்துப் பழகி, புதிய படத்தில் எது இருந்திருக்கக்கூடும் என்பதை மதிப்பிடுகின்றன. விழாத துளியை அவை மீட்பதில்லை. முன்பு எத்தனையோ முற்றங்களில் பெய்த தூறலைக் கொண்டு இந்த முற்றத்தின் கணக்கை எழுதுகின்றன. நிறத்துக்கான ஊகம் கேமராவுக்குள்ளேயே நடப்பதால் ஊகம் என்பதே குற்றமாகிவிடாது. ஆனால் அது அடுத்த பாத்திரத்தைப் பார்த்துச் செய்வது, இதுவோ வேறெங்கோ கண்ட ரோமத்தைப் பார்த்துச் செய்வது. சுவரில் மாட்டும் படத்துக்கு இதனால் கேடில்லை. நான்கு பிக்சல் புள்ளியைத் துடைத்துவிட்டு அங்கே நேர்த்தியான ரோமத்தை வரைந்துதரும் மென்பொருள், ஆய்வுத் தொகுப்பில் ஒரு சீலை வேறொரு சீலாக ஆக்கிவிடக்கூடும். படம் எவ்வளவு தெளிவாகத் தோன்றுகிறதோ அவ்வளவு நம்பிக்கையோடு அந்தப் பிழையும் ஏற்கப்படும்.

உண்மையாகவே துளிகளைச் சேர்க்கும் வழிகள் உண்டு, அவை எளியவை. பாறையில் கிடக்கும் சீல் பெரும்பாலும் அசையாது என்பதால், தொடர்ச்சியாக 16 படங்கள் எடுத்து, அவற்றைப் பிக்சலுக்குப் பிக்சல் பொருத்திச் சராசரி கண்டால் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. சீல் தலையைத் திருப்பிய படங்களை மட்டும் விலக்கிவிட வேண்டும். இன்னொரு வழி காத்திருப்பது. நனைந்த ரோமத்தின் இழைகளுக்கிடையே காற்றுக்குப் பதில் நீர் நிற்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ரோமத்தினுடையது ஏறத்தாழ 1.55 என இரண்டும் நெருங்கியிருப்பதால், ஒளி இழைகளில் பட்டுச் சிதறித் திரும்பாமல் உள்ளே ஆழ்ந்து உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ரோமம் உலர உலர இழைகளுக்கிடையே காற்று புகுந்து சிதறல் கூடுவதால், கருங்கல் போலத் தோன்றிய அதே விலங்கு வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாற, புள்ளிகளும் வளையங்களும் துலங்கி வருகின்றன. பளபளப்பை அடக்க முனைவாக்க வடிகட்டியை லென்ஸில் பூட்டுவோர், அது வரும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கடல் மீண்டும் ஏறும்வரை சீல் பாறையிலேயே இருக்குமானால், அது உலரும்வரை வடிகட்டியின்றிக் காத்திருப்பதே ஆதாயம்.

ஆய்வுத் தொகுப்புக்குப் படம் அளிப்பவர், கேமரா பதிந்த மூலக் கோப்பை எதுவும் செய்யாமல் அப்படியே அளிப்பதும், மென்பொருளால் துடைத்த படத்தையும் சேர்த்தளித்தால் எந்த மென்பொருள் அதில் என்ன செய்தது என்ற குறிப்பை உடன் வைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.