காலிகோபுரம் வரைக்கும்தான் கஷ்டமா?

திருமலை அடிவாரமான அலிபிரியில் தேங்காய் உடைத்துவிட்டு முதல் படியில் கால் வைப்பவர்களுக்கு, ஏற்கெனவே ஏறி வந்தவர்கள் சொல்லும் புத்திமதி பெரும்பாலும் இதுதான்: "காலிகோபுரம் வரைக்கும் பொறுமையா ஏறிடுங்க. அதுக்கப்புறம் சமதரைதான். கடைசியில முழங்கால் முறிச்சான் ஒண்ணு இருக்கு. அதையும் தாண்டிட்டா கோயில் வந்துடும்." புரட்டாசியில் வேலூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து பாதயாத்திரையாக வரும் கூட்டத்துக்கு இது மனப்பாடம். புவியியலாளர் ஒருவரிடம் இந்தப் பாதையைப் பற்றிக் கேட்டாலும் பதில் மாறாது. முதலில் செங்குத்து, நடுவில் சமதரை, மறுபடி செங்குத்து என்ற வரிசையைப் படி கட்டியவர்கள் தீர்மானிக்கவில்லை. பாறை தீர்மானித்தது.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர், 3,550 படிகள். அவற்றில் பாதிக்கு மேல் காலிகோபுரம் வருவதற்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. சேஷாசல மலைத்தொடரின் தெற்கு விளிம்பு அங்கே திருப்பதி ஊரைப் பார்த்தபடி சுவராக நிற்பதுதான் காரணம். ரயில் நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படுகிற மலையை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கீழ்ப்பாதி மரங்களோடு சரிவாக இறங்கும். மேல்பாதி மொட்டைச் சுவராக, குறுக்குக் கோடுகளோடு நிமிர்ந்து நிற்கும். இரண்டும் ஒரே பாறை அல்ல.

கீழே இருப்பது கருங்கல். சந்திரகிரிக் கோட்டை மலையில் உருண்டையும் திரளையுமாகக் கிடக்கிறதே, அந்த இனம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகியது. மேலே இருப்பது குவார்ட்சைட். ஒரு காலத்தில் ஆழமில்லாத நீருக்கடியில் படிந்த மணல், இறுகிப் பாறையானது. நகரி குவார்ட்சைட் என்று புவியியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆமாம், நம் திருத்தணிக்குப் பக்கத்து நகரிதான்.

இரண்டும் தொடும் இடம்தான் விசேஷம். திருப்பதி – திருமலை மலைச்சாலையில் பாறையை வெட்டிய இடங்களில் அது தெரியும். கீழே வரிசை எதுவும் இல்லாமல், இளஞ்சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளி புள்ளியாகக் கருங்கல். கையால் தேய்த்தால் சில இடங்களில் உதிரும். சட்டென்று ஒரு கோடு. அதற்கு மேலே செங்கல் அடுக்கிக் கட்டிய சுவர் மாதிரி படுகை படுகையாகக் குவார்ட்சைட். கோட்டுக்குக் கீழே கை வைத்து, அப்படியே ஒரு சாண் மேலே நகர்த்தினால் சுமார் 80 கோடி ஆண்டுகளைத் தாண்டிவிடலாம். அந்த இடைவெளியில் இங்கே மலை இருந்ததா, கடல் இருந்ததா என்று சொல்ல ஒரு கல்கூட மிச்சமில்லை. எல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. 'எபார்க்கேயன் அன்கன்ஃபார்மிட்டி' என்று பெயரிட்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

1788-ல் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் ஜேம்ஸ் ஹட்டன் இப்படியொரு கோட்டைப் பார்த்துத்தான் பூமியின் வயதை ஆயிரங்களில் எண்ண முடியாது என்ற வாதத்துக்கு வலுச் சேர்த்தார். அங்கே விடுபட்டது ஏழு கோடி ஆண்டுக்கும் குறைவு. திருப்பதிக் கோடு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். சிக்கார் முனையைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து மாணவர்கள் போகிறார்கள். இங்கே தினமும் பல்லாயிரம் பேர் பேருந்தில் உறங்கியபடியே கடந்துபோகிறோம்.

சரி, நடையாளிக்கு வருவோம். கருங்கல் மக்கி மண்ணாகும். அதனால் அடிவாரம் சரிவாகிறது. குவார்ட்சைட் லேசில் மக்காது. விரிசல் வழியே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதனால் நிமிர்ந்த சுவர். சுவரின் உச்சியை எட்டியதும் பாறைப் படுகை ஏறக்குறைய கிடைமட்டமாக விரிகிறது. காலிகோபுரத்துக்கு அப்பால் கால் ஆசுவாசப்படுவது அந்தப் படுகையின் முதுகில்தான். பிறகு பாதை ஒரு பள்ளத்தாக்கை ஒட்டிப் போய், அதன் மறுகரையில் திரும்பவும் ஏறுகிறது. அதுதான் முழங்கால் முறிச்சான். ராமானுஜர் முழங்காலாலேயே ஏறியதாக ஐதீகம். இன்றும் அங்கே முட்டி போட்டு ஏறுபவர்களைப் பார்க்கலாம்.

பாளம் பெயர்வது கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2021 நவம்பர் பெருமழையில், திருமலைக்கு ஏறும் இன்னொரு படிவழியான ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்தது. 2022 மே மாதம்தான் திரும்பத் திறந்தார்கள். 2021 டிசம்பர் தொடக்கத்தில் மலைச்சாலையில் பாறைகள் உருண்டு விழுந்தன. மழைநீர் விரிசலில் இறங்கி, அடியில் உள்ள மெல்லிய அடுக்கை நெகிழ்த்தினால், மேலே நிற்கும் பாளத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

அதே விரிசல்களில்தான் பொன்பல்லி குடியிருக்கிறது. பகலில் பாறை இடுக்கில் ஒளிந்து இரவில் வெளிவரும், மஞ்சள் மின்னும் பல்லி இனம். காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருபவர்களில் எத்தனை பேருக்கு இங்கே உயிருள்ளது ஒன்று இருப்பது தெரியும்? மண் அதிகமில்லாத இந்தப் பாறைச் சரிவுதான் செம்மரத்துக்கும் பிடித்த இடம். 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமானது. காடென்றால் சிறுத்தையும் உண்டு. 2023-ல் அலிபிரிப் பாதையில் ஒரு குழந்தை சிறுத்தைக்குப் பலியான பிறகு, 15 வயதுக்கு உட்பட்டவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் விடுவதில்லை என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நடப்பவர்கள் கையில் ஒரு கம்பும் கொடுத்தார்கள்.

ஏறுபவரின் உடம்புக் கணக்கு எளிது. அலிபிரிக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 650 மீட்டர். 60 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கத் தேவைப்படும் வேலை 90 கிலோகலோரிக்குச் சற்று மேல். ஆனால் தசை, எரிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வெப்பம். ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 365 கிலோகலோரி செலவு, நடந்த தூரத்துக்கு வேறு தனி. முதல் ஆயிரம் படியிலேயே சட்டை நனைந்துவிடுவது அந்த வீணான வெப்பத்தால்தான். மேலே போகப் போகக் காற்று நான்கு டிகிரி அளவுக்குக் குளிர்ந்து உதவுகிறது. ஸ்ரீவாரி மெட்டு வழி 2.1 கிலோமீட்டர்தான், 2,388 படிகள். குறுக்குவழி என்று கிளம்பி, சமதரையே வராமல் மூச்சிரைத்து நிற்பவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கால்களைப் பதம் பார்க்கும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது, நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. இதில் தசை இழைகள் நுண்ணிய அளவில் சிதைகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும். படி இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மூட்டில் விழும் சுமை உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல். "ஏறினப்ப ஒண்ணும் இல்ல, ஊருக்குப் போனதும் உக்கார முடியல" என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் நடந்தே இறங்கியவர்கள்.

இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் படியேற வேண்டாம். மற்றவர்கள் விடியற்காலையில் புறப்படுங்கள், நடந்து ஏறுங்கள், இறங்குவதற்குப் பேருந்தைப் பிடியுங்கள். 1944-லிருந்து சாலை இருக்கிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்காமல் பாறையைப் பாருங்கள்.