உங்கள் தொழிலுக்கு ஓர் இணையதளம்: கட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

தொழில் வளர்ச்சிக்காகக் கடன் கோரி வரும் சிறு தொழில்முனைவோரின் திட்ட அறிக்கைகளில் ‘இணையதளம் அமைத்தல்’ என்றொரு வரியும், அதற்கெதிரே ஒரு தொகையும் இப்போது வழக்கமாகக் காணப்படுகின்றன. அந்தத் தளம் எதைச் செய்யப் போகிறது என்று கேட்டால், “எல்லோரும் வைத்திருக்கிறார்களே” என்பதே பல சமயங்களில் விடையாகக் கிடைக்கிறது. கடைக்கு முன்பணம் கொடுக்கும்போது தெரு, வாடகை, தண்ணீர் வசதி, ஒப்பந்தக் காலம் என்று ஒன்றுவிடாமல் விசாரிக்கும் வணிகர், இணையதளத்தை மட்டும் வடிவமைப்பாளரிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடுகிறார். அந்நிலையில் உள்ள வாடிக்கையாளர்களுக்காகவே இக்கட்டுரை.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டைக் கைக்கொள்வோம். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னபட்டணம், மரப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறமேற்றிய அரக்கை அழுத்தி மெருகூட்டும் கலை அது. புவிசார் குறியீடும் பெற்றது. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை அங்கிருந்து இணையதளம் தொடங்க விரும்புகிறது என்று கொள்வோம்.

முதல் கேள்வி, யாருக்காக என்பது. நாடெங்கும் உள்ள பெற்றோருக்கு ஒவ்வொரு பொம்மையாக விற்க வேண்டுமா? பள்ளிகளுக்கும், தீபாவளிப் பரிசு வழங்கும் நிறுவனங்களுக்கும் மொத்தமாக விற்க வேண்டுமா? நெடுஞ்சாலையில் செல்வோரைப் பட்டறைக்கு வரவழைத்தால் போதுமா? மூன்றாவதுதான் நோக்கம் எனில், விலைப்பட்டியலும் பணம் செலுத்தும் வசதியும் கொண்ட பெரிய தளம் தேவையே இல்லை. வழி, திறந்திருக்கும் நேரம், நல்ல படங்கள், தொலைபேசி எண் ஆகியவை கொண்ட ஒரே பக்கமும், கூகுள் வரைபடத்தில் கடையைச் சரியாகப் பதிவு செய்வதும் போதுமானவை. மொத்த விற்பனைக்கு, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, தயாரிக்க ஆகும் நாள்கள், மாதிரி அனுப்பும் முறை ஆகியவை முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். சில்லறை விற்பனைதான் மூன்றிலும் செலவு மிக்கது. சட்டக் கடமைகளும் அதற்கே அதிகம். மூன்றையும் ஒரே தளத்தில் திணிக்க முற்படுவோர், எவருக்கும் பயன்படாத ஒன்றையே பெறுகின்றனர் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது பெயர். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பின்னாளில் பெரும் இழப்பு நேர்வது இங்கேதான். இணைய முகவரி ஒன்றை நாம் விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பதிவு செய்துகொள்கிறோம். ‘.இன்’ என்று முடியும் முகவரிகளின் பதிவேட்டை 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிக்ஸி என்னும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. ‘.இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளும் உண்டு. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே அம்முகவரிக்கு உரியவர். வடிவமைப்பாளர் வசதி கருதித் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுவது மிகப் பரவலான வழக்கம். அவருடன் கருத்து வேறுபாடு ஏற்பட்டாலோ, அவர் தொழிலைக் கைவிட்டாலோ, புதுப்பிக்கும் நினைவூட்டல் உங்களுக்கு வராது. காலம் கடந்தபின் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்பதற்குக் கிடைப்பவை சில வாரங்களே. பெட்டிகளிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்ட முகவரி, அதன்பின் வேறொருவர் கைக்குப் போகலாம்.

நீதிமன்றம் செல்ல வழியில்லை என்பதல்ல. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. ‘.இன்’ முகவரிகள் குறித்த தகராறுகளுக்கு நிக்ஸியின் கீழ் நடுவர் முறையும் உள்ளது. ஆயினும் பத்துப் பேர் கொண்ட பட்டறைக்கு அந்த அலைச்சல் ஏன்? நிறுவனத்தின் பெயரில், உரிமையாளரின் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டணம் செலுத்திப் பதிவு செய்யுங்கள். பல ஆண்டுகளுக்குச் சேர்த்தும் பதிவு செய்யலாம். பத்தாண்டு என்பது உச்சவரம்பு. கடவுச்சொல்லை உங்களிடம் வைத்துக்கொண்டு, தேவையான அளவுக்கு மட்டும் வடிவமைப்பாளருக்கு அனுமதி கொடுங்கள்.

வடிவமைப்பாளருடன் செய்யும் ஒப்பந்தத்திலும் இதே கவனம் வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே தளம் நமதே என்று எண்ணுவது இயல்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. உங்கள் ஊழியரல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கும் வாசகத்திற்கும் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலமாக மாற்றித் தந்தால்தான் அவ்வுரிமை உங்களைச் சேரும். அவ்வாறு எழுதும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் பொருள் கொள்கிறது. எனவே உரிமை முழுக் காலத்திற்கும் உலகம் முழுமைக்கும் மாற்றப்படுகிறது என்ற ஒரு வரியை மறவாமல் சேர்க்கவும். ஆண்டுதோறும் ஆகும் ஹோஸ்டிங், பராமரிப்புச் செலவுகளையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். திட்ட அறிக்கையில் தொடக்கச் செலவு மட்டுமே இருப்பதை நாங்கள் பார்க்கிறோம். இரண்டாம் ஆண்டில் தளம் முடங்குவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

இனி வடிவம். உங்கள் தளத்தைக் காண்போரில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் காண்பர். வடிவமைப்பாளரின் அகன்ற கணினித் திரையில் அழகாகத் தோன்றுவதை நம்பி ஒப்புதல் அளிக்க வேண்டாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில், சிக்னல் தடுமாறும் பேருந்து நிலையத்தில் நின்று திறந்து பாருங்கள். படங்கள் வருவதற்குள் பொறுமை இழந்தால், வாங்க வந்தவரும் இழப்பார். படங்களின் அளவைச் சுருக்கச் சொல்லுங்கள். முகப்பில் தானாக ஓடும் காணொளியைத் தயங்காமல் நீக்கச் சொல்லுங்கள். தொலைபேசி எண் தொட்டவுடன் அழைக்கும்படி இருக்க வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக ஒட்டினால் தேடுபொறிகள் அதைப் படிப்பது அரிது. பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருளும் தடுமாறும். எழுத்தாகவே இடுங்கள். இந்திய மொழிகளில் வாசகம் இடுவதாயின் யூனிகோடு எழுத்துருவே வேண்டும்.

பொருளைப் பற்றிய தகவல்தான் விற்பனையைத் தீர்மானிக்கிறது; இதில் பெரும்பாலான தளங்கள் கஞ்சத்தனம் காட்டுகின்றன. ‘அழகிய பாரம்பரிய பொம்மை’ என்ற வரியால் எவருக்கும் பயனில்லை. உயரம், எடை, எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது, எவ்வகைச் சாயம், நீர் பட்டால் என்னாகும், ஒரு கையில் பிடித்தால் எவ்வளவு பெரியதாக இருக்கும் என்பவற்றைப் பெற்றோர் அறிய விரும்புவர். பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துள்ள கைவினைஞர்களுக்கும், புவிசார் குறியீட்டின் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. எந்த வகையில் உங்கள் பொம்மை விற்பனைக்குத் தகுதி பெறுகிறது என்பதை வெளிப்படையாக எழுதுவது வாங்குவோரின் ஐயத்தைப் போக்கும். உணவுப் பொருள் விற்போர் இவ்விடத்தில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைக் காட்ட வேண்டும்.

நேரடியாக ஆர்டர் பெறும் தளங்கள், 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளை அறிந்திருத்தல் அவசியம். சட்டப்படியான பெயர், முதன்மை முகவரி, தொடர்பு விவரங்கள், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் இடம்பெற வேண்டும். வந்த புகாருக்கு 48 மணி நேரத்திற்குள் ஒப்புகையும், ஒரு மாதத்திற்குள் தீர்வும் அளிக்க வேண்டும். சிறு பட்டறையில் உரிமையாளரின் மகளே அந்த அலுவலராக இருக்கலாம். ஆனால் அவர் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க வேண்டும். சம்மதப் பெட்டியில் முன்கூட்டியே டிக் இட்டு வைப்பதற்கு அனுமதி இல்லை. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கடைசித் திரையில் புதிய கட்டணத்தைச் சேர்ப்பதும் 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்டவை. வெளிநாட்டு வார்ப்புகளை அப்படியே வாங்கிப் பயன்படுத்தும்போது இவை அறியாமலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன.

ஜிஎஸ்டி குறித்தும் முன்னதாகவே யோசிக்க வேண்டும். உள்ளூரில் மட்டும் விற்கும் சிறு வணிகர், விற்றுமுதல் வரம்புக்குக் கீழே இருப்பதால் பதிவு செய்யாமல் இருக்கலாம். இணையதளம் திறந்த முதல் வாரமே குவாஹாத்தியிலிருந்து ஆர்டர் வரக்கூடும். வேறு மாநிலத்திற்குச் சரக்கு விற்றால், பொதுவாக விற்றுமுதல் எவ்வளவாயினும் பதிவு கட்டாயமாகிறது. குறிப்பிட்ட சில கைவினைப் பொருள்களுக்கு வரம்புடன் கூடிய சலுகை இருப்பதால், உங்கள் பொருள் அதில் அடங்குமா என்பதைத் தளம் திறப்பதற்கு முன்பே கணக்காளரிடம் கேட்டறியுங்கள்.

பணம் பெறும் வழியைப் பொறுத்தவரை, அட்டை எண்ணை உங்கள் தளத்தில் சேமித்து வைக்கும் எண்ணமே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை விவரங்களைச் சேமிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அதற்கு மாற்றாக டோக்கன் முறை வந்துவிட்டது. பேமென்ட் கேட்வே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்கு ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள். யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு 2020 ஜனவரி முதல் எம்டிஆர் கட்டணம் இல்லை என்றாலும், கேட்வே நிறுவனம் தன் தொழில்நுட்பச் சேவைக்குத் தனியே கட்டணம் கேட்கக்கூடும். விற்பனை நிபந்தனைகளும், பணம் திருப்பித் தரும் கால அளவும் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அவை இல்லாத தளத்தை அந்நிறுவனங்கள் இணைத்துக்கொள்வதில் தயக்கம் காட்டும். அதனால் திறப்பு விழா நாள் தள்ளிப்போனவர்கள் உண்டு.

வாடிக்கையாளர் விவரங்களைத் தேவைக்கு மேல் கேட்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கோருகிறது. பொம்மை விற்கும் தளத்தில் ‘உங்கள் குழந்தையின் பிறந்தநாள்’ என்றொரு கட்டம் அழகாகத்தான் இருக்கும். அதை விட்டுவிடுவதே நல்லது.

எல்லாம் தயாரானபின், வேறு மாநிலத்தில் உள்ள உறவினர் ஒருவரைக் கொண்டு ஒரு பொம்மையை வாங்கச் செய்யுங்கள். மற்றொன்றுக்குப் பணம் செலுத்தியபின் ஆர்டரை ரத்து செய்யச் சொல்லுங்கள். பெட்டி உடையாமல் சேர்ந்ததா, அஞ்சல் செலவு நீங்கள் கணித்த அளவில்தான் இருந்ததா, பணம் எத்தனை நாளில் அவர் கணக்கிற்குத் திரும்பியது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்வேயிலிருந்து வரும் தொகை, பல ஆர்டர்களின் கூட்டுத்தொகையாக, கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் கழிக்கப்பட்டு, ஓரிரு வேலை நாள்கள் கழித்தே நடப்புக் கணக்கில் வரவாகும். அந்த ஒற்றை வரவை ஆர்டர்வாரியாகப் பிரித்துப் பார்க்க உதவும் தீர்வை அறிக்கையை கேட்வேயின் பக்கத்திலிருந்து பதிவிறக்கி, வாரம் ஒரு முறை கணக்கு அறிக்கையுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்து வாருங்கள்.