பாடசாலை கதவை அடைத்தால் பெற்றோர் எங்கே போவது?

"இந்தப் பிள்ளைய வச்சுப் பார்க்க எங்ககிட்ட ஆள் இல்லம்மா. வேற எங்கயாவது கேட்டுப் பாருங்க."

இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலை வாசலிலிருந்து திரும்பி வந்த தாய்மார் தோட்டத்திலும் இருக்கிறார்கள், கொழும்பிலும் இருக்கிறார்கள். நம்மவர்கள் பலர் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலை செய்து, அங்கேயே பிள்ளை குட்டிகளோடு குடியிருக்கிறார்கள். பிள்ளைக்குக் காது மந்தம், பேச்சு வரவில்லை, நடக்க ஏலாது, படிப்பு மெதுவாகத்தான் ஏறும் என்றால் முதலாம் வகுப்பில் சேர்க்கும்போதே கஷ்டம் தொடங்கிவிடுகிறது. "நம்ம தலையெழுத்து" என்று பேசாமல் வந்துவிடுகிறோம். அது தலையெழுத்து அல்ல. கேட்பதற்கு வழி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி கட்டாயம். 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பெற்றோரின் கடமை என்று அரசாங்கமே சொல்கிறது. அப்படியானால், கூட்டிக்கொண்டு போன பிள்ளையைத் திருப்பி அனுப்புவது எப்படி நியாயமாகும்?

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இதை நேரடியாகவே சொல்கிறது. உடற்குறையையோ மனவளர்ச்சிக் குறையையோ காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது (23ஆம் பிரிவு). காட்டினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் (24ஆம் பிரிவு). இதற்கும் மேலே, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது.

முதலில் செய்ய வேண்டியவை

எடுத்த எடுப்பிலே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இந்த ஒழுங்கில் போங்கள்:

1. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, டாக்டர் தந்த கடிதம் எல்லாவற்றையும் ஒரே பைலில் வையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போட்டோ கொப்பி கொடுங்கள்.

2. அதிபரிடம் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், எந்தத் திகதியில், யார், என்ன சொன்னார் என்று அன்றைக்கே நீங்கள் எழுதி வையுங்கள்.

3. வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தமிழில் எழுதலாம். அது உங்கள் உரிமை. விசேட கல்வி அலகு எந்தப் பாடசாலையில் இருக்கிறது, அங்கே தமிழ் மொழியில் படிப்பிக்கிறார்களா என்றும் அதிலேயே கேளுங்கள்.

4. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

கேட்கும்போது எது தேவை என்று தெளிவாகக் கேளுங்கள். கீழ்மாடி வகுப்பறை, முன் வாங்கில் இடம், சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவுப் பாதை, பரீட்சையில் மேலதிக நேரம், இப்படி. "ஏதாவது பார்த்துச் செய்யுங்க சேர்" என்றால் ஒன்றும் நடக்காது.

ஒரு மாதம் - மறக்கக் கூடாத கணக்கு

அரச பாடசாலையோ கல்வி அலுவலகமோ உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். பலர் தோற்பது இங்கேதான். "அடுத்த வாரம் வாங்க, அடுத்த மாசம் வாங்க" என்று அலைக்கழிக்கும்போதே காலம் போய்விடுகிறது.

இதற்கும் ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முறைப்பாட்டுக்குக் காசு இல்லை. ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் பம்பலப்பிட்டி ஆர்.ஏ.டி மெல் மாவத்தையில் இருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்கு அது பக்கத்து ஊர். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. தொலைபேசி இலக்கம் 1996.

லோயருக்குக் காசு?

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணியை ஏற்படுத்திக் கொடுப்பதே அதன் வேலை. தலைமை அலுவலகம் கொழும்பு 12, புதுக்கடை நீதிமன்றப் பகுதியில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து கிட்டத்தான். வெளியூர் நீதிமன்றங்களை அண்டியும் கிளைகள் உண்டு. போகும்போது அடையாள அட்டையும் சம்பளத் துண்டும் கையில் இருக்கட்டும்.

நடந்த ஒரு வழக்கு

குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பொய் வதந்தி பரவியது. மற்றப் பெற்றோர் எதிர்த்ததால் அவனுக்குப் பாடசாலை கிடைக்கவில்லை. தாய் உயர் நீதிமன்றம் போனார். 2016இல் அந்த நீதிமன்றம் பிள்ளையின் கல்வி உரிமையை ஏற்றுக்கொண்டது. கண்டியில் பேர்போன ஒரு பாடசாலையில் அவனுக்கு இடமும் கிடைத்தது. அது உடற்குறை பற்றிய வழக்கு அல்ல. ஆனாலும் "மற்றப் பெற்றோர் விரும்பவில்லை" என்ற சாட்டு செல்லாது என்பதை அது காட்டுகிறது.

அமெரிக்காவில் 1975இலேயே இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகக் கல்வித் திட்டம் எழுத வேண்டும். பெற்றோருக்குத் திருப்தி இல்லாவிட்டால் பக்கச்சார்பற்ற ஒருவர் முன் விசாரணை கேட்கலாம். நமது நாட்டில் அப்படித் தனி விசாரணை மன்றம் இல்லை. அதனால்தான் கடிதமும் திகதியும் பற்றுச்சீட்டும் நமக்கு இவ்வளவு முக்கியம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கோர்ட் உத்தரவு பிள்ளைக்கு இடம் வாங்கித் தரலாம், அன்பான ஆசிரியரை வாங்கித் தராது. அதிபரோடு கடைசி வரை மரியாதையாகவே பேசுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை இருக்கப்போவது அந்த வகுப்பில்தான். மரியாதையாகப் பேசுவது வேறு, பேசாமல் திரும்பி வருவது வேறு.

தனியாகப் போகப் பயமாக இருந்தால் தோட்டத் தலைவரையோ, பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரையோ, எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். லயத்தில் இப்படி ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் இருந்தால், இந்தப் பக்கத்தை அந்தத் தாய்க்கு வாசித்துக் காட்டுங்கள்.