புகை கக்கும் பழைய டீசல் கார்: குற்றம் நாசிலுடையதுதானா?

காலை வேளையில் பழைய டீசல் அம்பாசிடர் ஒன்று கிளம்ப மறுக்கிறது. ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுழற்றியதில் பேட்டரி களைத்துப் போகிறது. ஒருவாறு இயந்திரம் உயிர்பெற்றதும் தெரு முழுவதும் கரும்புகை சூழ்கிறது. வண்டி நின்ற இடத்திலேயே குலுங்குகிறது. மேடு ஏறுகையில் இழுவை இல்லை. இவற்றைக் கேட்ட மாத்திரத்தில் பட்டறையில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: "நாசில் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடலாம்."

தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்பு அது. அம்பாசிடர் கார்களின் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. இன்று அவற்றை வைத்திருப்போர் பாசத்தினாலோ பிழைப்பினாலோ வைத்திருப்பவர்கள். நான்கு நாசில்களுக்கும் பணம் கொடுத்த பின்னர், குற்றம் ஒரு ரப்பர்க் குழாயின் வெடிப்பில் இருந்தது எனத் தெரிய வந்தால், அந்த நட்டம் குடும்பத்தின் மாதச் செலவில் அல்லவா விழுகிறது? ஆகவே எந்த நாசில் கெட்டது, உண்மையில் நாசில்தான் கெட்டதா என்பதை முதலில் அறிந்துகொள்ளும் வழியை இங்கு விவரிக்க விரும்புகிறோம்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால், எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறுகிறது. அக்கணத்தில் டீசலை மிக நுண்ணிய பனிபோலத் தூவுவதே நாசிலின் தொழில். இயந்திரம் நிமிடத்திற்கு 2000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு நாசிலும் நிமிடத்திற்கு ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. அதனுள்ளே இருக்கும் ஊசியை ஒரு வில் அழுத்திப் பிடித்திருக்கிறது; பம்பு அனுப்பும் டீசலின் அழுத்தம் குறித்த அளவை எட்டினால்தான் ஊசி எழும்பி வழிவிடும். அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் இவ்வளவு ஏறத்தாழ 100 முதல் 150 பார் வரை இருக்கும். காரின் டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டு பார் அளவே என்பதை நினைத்தால், இதன் கடுமை விளங்கும்.

ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில் இத்தகைய நாசில் இல்லை. அழுத்திய காற்றைக் கொண்டே எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அதற்கென ஒரு காற்றழுத்தியையும் சுமக்க வேண்டியிருந்ததால் அதனைக் காரில் வைக்க இயலவில்லை. 1927-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் எண்ணெயை நேரடியாக அழுத்தும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே சிறிய டீசல் இயந்திரங்களுக்கு வழி பிறந்தது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் டீசல் கார் 1936-இல் வெளிவந்தது. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இப்பம்புகளையும் நாசில்களையும் செய்து வந்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என மாறிய பிறகும், மூத்த மெக்கானிக்குகளின் நாவில் 'மைக்கோ'வே நிலைத்துவிட்டது.

இனி விசாரணைக்கு வருவோம். செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குவதே முறை.

கரும்புகை என்றால் டீசல் முழுதும் எரியவில்லை என்று பொருள். எண்ணெய் மிகுந்தாலும் கரும்புகை வரும். காற்று குறைந்தாலும் வரும். எனவே ஏர் கிளீனரை முதலில் பார்க்கவேண்டும். தூசி அடைத்த ஏர் கிளீனருக்காக நாசிலைத் தண்டிப்பது நியாயமன்று. குளிர்ந்த நிலையில் மட்டும் வெண்புகையும், கிளம்பத் தாமதமும் இருப்பின் ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்கவேண்டும். நான்கில் இரண்டு செத்திருந்தாலே போதும், காலை நேரம் வேதனையாகிவிடும். நீலப்புகை என்றால் எரிவது இன்ஜின் ஆயில். அதற்கும் நாசிலுக்கும் தொடர்பில்லை.

கிளம்பிச் சில விநாடிகளில் இயந்திரம் அணைந்துபோகிறதா? இரவு நின்ற வண்டி, கைப்பம்பை அடித்த பின்னரே கிளம்புகிறதா? அப்படியாயின் டாங்கிலிருந்து வரும் பாதையில் எங்கோ காற்று புகுகிறது. டீசல் வெளியே சொட்டாத இடத்திலும் காற்று உள்ளே நுழையக்கூடும் என்பது பலர் அறியாத செய்தி. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சிறு துண்டு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தால், குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். பழைய ரப்பர்க் குழாய், நைந்த வாஷர், சரியாக உட்காராத ஃபில்டர் ரப்பர் ஆகிய மூன்றுமே வழக்கமான குற்றவாளிகள். ஃபில்டரை மாற்றி, அதன் அடியில் தேங்கிய நீரையும் வடித்துவிடுவது நல்லது.

இவையெல்லாம் செம்மையாக இருந்தும் வண்டி குலுங்கினால், அப்போதுதான் நாசில்களிடம் வரவேண்டும். எந்த நாசில் என்பதைக் கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் கையாளும் முறை எளியது. இயந்திரத்தைச் சூடேற்றி மெல்ல ஓடவிட்டு, பம்பிலிருந்து முதல் நாசிலுக்கு வரும் குழாயின் நட்டை, நாசில் பக்கத்தில், ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்துவார்கள். டீசல் அங்கேயே கசிந்துவிடுவதால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. உடனே இயந்திரத்தின் ஓசை தடுமாறினால், அந்தச் சிலிண்டர் அதுவரை ஒழுங்காக உழைத்து வந்தது என்று அறியலாம். மாறாக, தளர்த்தியும் ஓசையில் மாற்றம் இல்லையெனில், அது ஏற்கெனவே முடங்கிக் கிடந்த சிலிண்டர். தளர்த்தியவுடன் 'டங், டங்' என்ற தட்டலோ கரும்புகையோ நின்றுபோனால், அங்குள்ள நாசில் தூவாமல் ஒழுகுகிறது என்பது ஏறக்குறைய உறுதி. இவ்வாறு ஒவ்வொன்றாக, நட்டை மீண்டும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நட்டின்மேல் துணியைப் போர்த்தி, கண்ணாடி அணிந்தே இதனைச் செய்யவேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பட்டறைப் பையன்களிடையே இருக்கிறது; அது கொடிய பழக்கம். நாசிலிலிருந்தோ வெடித்த குழாயிலிருந்தோ பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டுமே தெரியும். முதலில் வலியும் அதிகமிராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளிருக்கும் சதை அழியத் தொடங்கும். மஞ்சள் தடவிக்கொண்டு மறுநாள் பார்க்கலாம் என்றிருந்தால் விரலையே இழக்க நேரிடும். அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று, அழுத்தத்தில் பாய்ந்த டீசல் புகுந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டறையில் தொழில் கற்பவனானால், இந்தப் பத்தியை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மற்றொன்று: இம்முறை கைப்பம்புக் காலத்துப் பழைய வண்டிகளுக்கே உரியது. 2000-க்குப் பின் பரவலாக வந்த 'காமன் ரெயில்' டீசல் கார்களில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். ஓடும்போது அவற்றின் நட்டில் ஸ்பானரை வைக்கவே கூடாது.

குற்றமுள்ள சிலிண்டர் தெரிந்துவிட்டது. எனினும் நாசில்தான் காரணமா? அதற்கும் ஒரு சோதனை உண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அந்த நாசிலையும் பக்கத்துச் சிலிண்டரின் நல்ல நாசிலையும் இடம் மாற்றிப் பொருத்தவேண்டும். குற்றம் நாசிலுடனேயே இடம்பெயர்ந்தால் குற்றவாளி அதுவே. பழைய இடத்திலேயே தங்கினால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, பம்போ காரணம். புதிய நாசில் வாங்குவது வீண். இந்த ஒரு சோதனைக்கு அரை நாள் செலவானாலும் தகும் என்பது எமது கருத்து.

கழற்றும்போது சுத்தமே முதல் விதி. நாசிலைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் தூரிகையால் துடைத்த பின்னரே தொடவேண்டும். திறந்த குழாய் வாய்களை உடனே மூடிவிடவேண்டும். நாசிலின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் பல சமயம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனியாமல் மேலே இன்னொன்றைப் போட்டால் நாசில் உயர்ந்து நிற்கும். தூவல் இடம் மாறும். பழைய வாஷரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் புதியதையே போடவேண்டும்.

டீசல் பம்பு சர்வீஸ் செய்யும் கடைகளில் கையால் அடிக்கும் சோதனைக் கருவி ஒன்று இருக்கும். நாசிலை அதில் மாட்டி நெம்புகோலை அழுத்தினால் எத்தனை பாரில் திறக்கிறது என்று மீட்டர் காட்டும். அளவு குறைந்திருந்தால் வில் தளர்ந்துவிட்டது. மெல்லிய ஷிம் தகடு சேர்த்தோ, திருகை இறுக்கியோ சரிசெய்யலாம். பிறகு, திறக்கும் அளவுக்குச் சற்றுக் கீழே அழுத்தத்தை நிறுத்திப் பத்து விநாடி பார்ப்பார்கள். முனையில் சொட்டுத் திரண்டு விழலாகாது. இறுதியில் தூவலின் வடிவம்: கோடாகப் பீய்ச்சாமல், ஒரு பக்கம் சாயாமல், கூம்புபோல் சீராகப் பரவவேண்டும். நல்ல நாசில் தூவும்போது கரகரவென்று ஒலிக்கும். பழகிய செவி அதைக் கேட்டே நலத்தைச் சொல்லிவிடும். இச்சோதனையின்போது கூடவே நின்று பாருங்கள். வாகனக் கையேட்டில் உள்ள அளவைக் கேட்டு, நான்கு நாசில்களின் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல தொழிலாளர் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

சொட்டும் நாசில்கள் எல்லாமே எறியத்தக்கவை அல்ல. பல, கரி படிந்ததனாலேயே கெட்டவை. டீசலில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் கரியை நீக்கலாம்; எஃகுக் கம்பியோ உப்புத்தாளோ ஆகாது. ஊசிக்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. இரண்டும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்க்கப்பட்டவை. எனவே ஒன்றின் ஊசியை மற்றொன்றின் உறையில் போடக்கூடாது. சுத்தமான டீசலில் நனைத்த ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விட்டால், தன் எடையாலேயே வழுக்கி இறங்கவேண்டும். சிக்கினாலோ, சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தாலோ அந்த முனையை மட்டும் மாற்றினால் போதும். தாங்கி பழையதே உதவும். டாங்கில் ஊற்றும் புட்டி மருந்துகளைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். இலேசான படிவை அவை கரைக்கலாம். தேய்ந்த ஊசியையோ தளர்ந்த வில்லையோ எந்த மருந்தும் நிமிர்த்தாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலோ ஊசிக்கும் பம்புக்கும் நஞ்சு. அதில் வழுவழுப்புக் குறைவு.

மீண்டும் பொருத்துகையில் இருபக்க நட்டுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். கைப்பம்பை அடித்து ஃபில்டரிலும் பம்பிலும் காற்றை வெளியேற்றிய பின், நாசில் நட்டுகளைத் தளர்த்தி வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றி, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்கிவிடலாம். கசிவை அட்டைத் துண்டைக் காட்டிச் சோதியுங்கள். பின்னர் புகைச் சோதனைக்குச் செல்லலாம். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்திய டீசல் வண்டிகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 65 ஹார்ட்ரிட்ஜ். இயந்திரம் நன்றாகச் சூடேறும்வரை சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகே சோதனைக் குழாயைப் புகைக்குழாயில் நுழைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த வண்டி, நல்ல நாசில் இருந்தும், கூடுதலாகக் காட்டும்.